ரிமோட் டெஸ்க்டாப் சான்றிதழ் எச்சரிக்கையோடு எட்டு மாதம்

போன வாரம்தான் இது ஒரு முடிவுக்கு வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டிலிருந்து அலுவலக சர்வருக்குள் நுழைகிற பலருக்கும் இதே தொல்லை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு கிளியரிங் கம்பெனியில் கணக்கும் சம்பளமும் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் சாட்ஸ்வர்த் வீட்டிலிருந்தே வேலை. விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான இணைப்பு) போட்டு, சர்வரின் திரையை வீட்டில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தால் அந்த மஞ்சள் பெட்டி வரும்: இந்தக் கணினியின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை, இருந்தாலும் இணைக்கவா? சர்வர் தான் யாரென்று காட்ட நீட்டுகிற அடையாள அட்டைதான் சான்றிதழ், அதை நம்ப முடியவில்லை என்று அர்த்தம். "யெஸ் அழுத்துங்க, அது அப்படித்தான் வரும்" என்று ஐடி பார்க்கும் ஒப்பந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். 'மறுபடி கேட்காதே' என்ற கட்டத்தில் டிக் போட்டால் சில மாதம் சும்மா இருக்கும், அப்புறம் திரும்ப வரும். மூன்று வருடம் நானும் யெஸ் அழுத்தினேன்.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியில் வழக்கமான காரணங்களோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது: சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை. கை யெஸ்ஸுக்குப் போய் நின்றுவிட்டது. அன்று சம்பள வரிக்கான மாதாந்திர இஎம்பி 201 படிவம் போட்டே ஆக வேண்டும். ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெள்ளிதான் கடைசி. பணம் தாமதமானால் பத்து சதவீதம் அபராதம். மறுபக்கம், அந்த சர்வரில் எங்கள் ஆட்கள் எல்லோருடைய 13 இலக்க அடையாள எண்ணும், வங்கிக் கணக்கும், சம்பளமும் இருக்கின்றன. 2021 ஜூலையிலிருந்து, தனிநபர் தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டம் முழுதாக அமலில் இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது நம் சர்வர்தானா என்று தெரியாமல் கடவுச்சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'நோ' அழுத்திவிட்டு, காரை எடுத்துக்கொண்டு அலுவலகம் போய்ப் படிவத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

அன்றைய காரணம் சின்னதுதான். முந்தின இரவு எங்கள் தெருவில் மின்சாரம் போயிருந்தது. 2023 மாதிரி கிட்டத்தட்ட தினமும் லோட் ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) இல்லைதான், ஆனால் கேபிள் திருட்டு நின்றபாடில்லை. என் பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் இருக்கிற வட்ட பேட்டரி செத்துப் போயிருக்கிறது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் ஓடும், போனதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். பல வருடம் பின்னால் நிற்கிற கணினிக்கு இந்த வருடச் சான்றிதழ் 'இன்னும் பிறக்காதது'. வங்கித் தளமும் திறக்காமல் அடம்பிடித்ததால்தான் கண்டுபிடித்தேன். எல்லாத் தளமும் ஒரே நாளில் எச்சரித்தால் முதலில் மூலையில் இருக்கிற தேதியைப் பாருங்கள். சிஆர் 2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள்.

பேட்டரி மாற்றியதும் பழைய எச்சரிக்கை மட்டும் மிஞ்சியது. இந்த முறை விடுவதாக இல்லை. ஐடி ஒப்பந்தக்காரர்களிடம் புகார் போட்டேன். இரண்டு வாரம் கழித்து, "கணினியை எடுத்துக்கொண்டு வாங்க" என்றார்கள். அவர்கள் இருப்பது உம்லாங்காவில். அரை நாள் லீவு போட்டு, சிபியுவைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, என்-2 நெடுஞ்சாலையில் நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன். அங்கே இருந்த பையன் என் சிபியுவைத் தொடவே இல்லை. தன் மேசையில் இருந்த எங்கள் கம்பெனி லேப்டாப்பில் என் பெயரில் நுழைந்து காட்டினான். பெட்டி வரவில்லை. "பாருங்க, பிரச்சினையே இல்லை" என்று புகாரை மூடிவிட்டான். கம்பெனி லேப்டாப் எங்கள் டொமைனில், அதாவது கம்பெனி மொத்தமாக நிர்வகிக்கிற கணினிக் குழுவில், சேர்ந்தது. அது டொமைன் மூலமாகவே சர்வரை அடையாளம் கண்டுகொள்ளும், அதில் எச்சரிக்கை வராது. என்னுடையது சொந்தக் கணினி. இந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், "என் கணினியிலேயே, என் வீட்டு இணைப்பு மாதிரியே வெளியிலிருந்து சோதித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து சிபியுவை மாட்டியதும் அதே பெட்டி. அன்று ராத்திரி உட்கார்ந்து 'சான்றிதழைக் காட்டு' பொத்தானை முதல் முறையாக அழுத்திப் படித்தேன். கொடுத்தவர், பெற்றவர் இரண்டு இடத்திலும் சர்வரின் பெயரே இருந்தது. தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழ். ஆயுள் சரியாக ஆறு மாதம். முடிந்ததும் விண்டோஸ் தானே புதிதாக ஒன்றைச் செய்துகொள்கிறது. நாம் போடுகிற டிக் பழைய சான்றிதழுக்கு மட்டும்தான். எங்களுக்கு இரண்டு சர்வர், இரண்டுக்கும் வேறு வேறு தேதி. ஆக வருடத்துக்கு நான்கு முறை. மூன்று வருடம் எனக்கு யாரும் சொல்லாத கணக்கு இது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

தேதிகளோடு ஒப்பந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, மேலாளருக்கும் ஒரு பிரதி போட்டேன். உடனே வேலை நடந்தது, ஆனால் நேராக நடக்கவில்லை. "சான்றிதழை வெளியில் விலைக்கு வாங்கிப் போடுகிறோம்" என்று இரண்டு வாரம் போயிற்று. எங்கள் சர்வர் பெயர் '.லோக்கல்' என்று முடிகிறது. அப்படிப்பட்ட உள்பெயர்களுக்குப் பொதுச் சான்றிதழ் கொடுப்பது 2015 நவம்பரோடு நின்றுபோன விஷயம். கடைசியில், ஜோகன்னஸ்பர்க் தலைமை அலுவலகத்தில் கம்பெனிக்கே சொந்தமாகச் சான்றிதழ் வழங்கும் சர்வர் ஒன்று ஏற்கெனவே இருப்பது தெரிந்தது. அதிலிருந்து இரண்டு சர்வருக்கும் சான்றிதழ் போட்டார்கள்.

அவற்றை நம்புவதற்கு, வழங்கிய சர்வரின் மூலச் சான்றிதழும் நம் கணினியில் இருக்க வேண்டும். அதை வீட்டுக் கணினியில் ஏற்றும்போது நான் ஒரு தப்பு செய்தேன். 'தானாக இடத்தைத் தேர்ந்தெடு' என்று விட்டுவிட்டேன், அது வேறு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 'நம்பகமான மூலச் சான்றிதழ் அமைப்புகள்' என்ற இடத்தை நாமே காட்ட வேண்டும். அதற்கு முன்னால், கோப்பு மெயிலில் வந்தது என்பதற்காக ஏற்றிவிடாதீர்கள். போலி ஒன்றை ஏற்றிவிட்டால் எந்தத் தளத்தின் பெயரிலும் நம்மை ஏமாற்றலாம். சான்றிதழின் விவரங்களில் கடைசியில் தம்ப்பிரிண்ட் என்று 40 எழுத்து இருக்கும். என்னிடம் முன்பே இருந்த தலைமை அலுவலக எண்ணுக்கு நானே போன் போட்டு, எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னேன். போனை எடுத்தவருக்கு அதை எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. காத்திருந்தேன், வாசித்தார், ஒத்துப் போனது.

அப்புறம் பெயர். என் ஷார்ட்கட்டில் சர்வரின் ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) இருந்தது, சான்றிதழில் சர்வரின் முழுப்பெயர் இருந்தது. முழுப்பெயரை அடித்ததும், பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வரி போயிற்று.

கடைசியாக ஒன்று மிஞ்சியது: ரத்து நிலையைச் சரிபார்க்க முடியவில்லை. ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் எங்கே இருக்கிறது என்ற முகவரி சான்றிதழுக்குள்ளேயே எழுதியிருக்கும். எங்களுடையதில் இருந்த ஒரே முகவரி, டொமைனில் சேர்ந்த கணினிகளுக்கு மட்டும் புரிகிற எல்டாப் முகவரி. எந்தக் கணினிக்கும் புரிகிற சாதாரண எச்டிடிபி (இணைய) முகவரி ஒன்றையும் சேருங்கள் என்று கேட்டேன். சேர்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை. ஏற்கெனவே கொடுத்த சான்றிதழில் பழைய முகவரிதானே இருக்கும்? புதிதாக வழங்கச் சொல்லி இன்னொரு மெயில், இன்னும் ஒன்பது நாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை இணைத்தேன். பெட்டி வரவில்லை, நேராக டெஸ்க்டாப். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாவது சர்வரும் அப்படியே திறந்தது.

என் பக்கத்து மேசை அக்கா சாட்ஸ்வர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர். பாட்டியிடம் கேட்ட தமிழை ஆங்கிலத்தோடு கலந்து பேசுவார். "எனக்கும் அதேதான் தம்பி, நானும் யெஸ்தான்" என்றார். சனிக்கிழமை பென்டிரைவில் கோப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஏற்றப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு தாளை என் முன்னால் விரித்தார். அவரும் தனியாக ஜோகன்னஸ்பர்க்குக்குப் போன் போட்டு 40 எழுத்தையும் எழுதி வைத்திருந்தார். "நீ வாசி தம்பி, மெதுவா" என்றார்.