ஜாக்ரெப்பிலிருந்து பெல்கிரேடு: ஒரு ராணுவ நிருபர் போன வழியில்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது, அந்த டாக்ஸிக்காரர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. மிரோஸ்லாவ் லஸான்ஸ்கி என்ற செர்பிய ராணுவ நிருபரின் ஊர்களைப் பார்க்கக் கிளம்பி, செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் புதிய பஸ் நிலையத்தில் ராத்திரி பதினொன்றேகாலுக்கு இறங்கினேன். நகர மையத்துக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். ஏறும்போது மீட்டரைக் காட்டித் தலையாட்டியவர், இறங்கும்போது 30 யூரோ என்றார். மீட்டர் எங்கே என்று கேட்டதற்கு ராத்திரி ரேட் என்றார். பெட்டி அவருடைய டிக்கியில் இருந்தது. கொடுத்துவிட்டேன். நம் பணத்தில் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய், நான் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்த தொகை. மறுநாள் காலை ஹாஸ்டல் பெண் சொல்லித்தான் தெரிந்தது, 2025 ஜனவரி 1 முதல் பெல்கிரேடில் நகர பஸ், டிராம் எல்லாமே இலவசமாம்! போகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். பஸ் நிலைய வாசலில் நிற்கிற டாக்ஸியில் ஏறாதீர்கள்.

விசா, பஸ், தங்கல், செலவு என்று வரிசையாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். விசாவை முதலில் முடித்துவிடுகிறேன். 2022 வரை இந்தியர்கள் விசா இல்லாமலே செர்பியா போகலாம், 2023 முதல் அது கிடையாது. ஆனால் குரோஷியா உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லுபடியாக இருந்தால் தனி செர்பிய விசா தேவையில்லை. திரும்ப குரோஷியா வழியாக வருவதென்றால் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் இந்த ஊர்? நான் தினசரி ஒன்றில் பதினெட்டு வருஷமாக வெளிநாட்டுச் செய்தி பார்க்கிறவன். போர்ச் செய்தி எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு தீராத ஈடுபாடு. அப்படித்தான் லஸான்ஸ்கி என்ற பெயர் எனக்குள் வந்து உட்கார்ந்தது. ஈரான்-ஈராக் போர், ஆப்கானிஸ்தான், லெபனான், வளைகுடா, பிற்பாடு சிரியா என்று எல்லாக் களத்துக்கும் நேரில் போன மனிதர். கடைசியில் நாடாளுமன்ற உறுப்பினர், அதன்பின் மாஸ்கோவில் செர்பியத் தூதர். நிருபராக இருந்த ஒருவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அவர் ஊர்களில் நடந்து பார்க்க வேண்டும் என்று பல நாள் ஆசை.

அவர் செர்பியாவில் பிறக்கவில்லை. 1950 டிசம்பரில், இன்றைய குரோஷியாவின் கார்லோவாட்ஸில் பிறந்தார். குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப்பிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் ஒரு மணி நேரம் போதும். நட்சத்திர வடிவக் கோட்டைக்குள் 1579-ல் எழுப்பிய ஊர், நாலு ஆறு கூடுகிற இடம். கோட்டை அகழி இப்போது பசும்புல் பூங்கா. அழகான ஊர்தான், ஆனால் என்னை உலுக்கியது துராஞ். ஊருக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் பகுதி. 1991 முதல் 1995 வரை குரோஷியப் படைக்கும் செர்பியப் படைக்கும் நடுவே போர்முனை அங்கேதான் இருந்தது. டாங்கிகளும் பீரங்கிகளும் திறந்தவெளியில் நிற்க, பக்கத்திலேயே போர் அருங்காட்சியகம். எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் லஸான்ஸ்கி இந்த ஊர்க்காரர்தானே என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தார். "இங்கேதான் பிறந்தான். எங்களுக்கு எதிராக எழுதினான்." அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். அதற்குமேல் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. அந்தப் பெரியவர் வீட்டுச் சுவரில் என்னென்ன குண்டுத் துளைகள் இருந்தனவோ.

லஸான்ஸ்கி ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், அந்த நகரத்தின் பத்திரிகைகளில்தான் எழுதிப் பெயர் வாங்கினார். அது குரோஷியாவும் செர்பியாவும் ஒரே நாட்டுக்குள் இருந்த யுகோஸ்லாவியா காலம். 1961-ல் நேரு, நாசர் எல்லாரும் கூடிய அணிசேரா மாநாட்டை பெல்கிரேடில் நடத்திய நாடு அது. அமெரிக்கப் பக்கமும் சோவியத் பக்கமும் கதவு திறந்திருந்த ஒரு நாட்டின் ராணுவ நிருபர் என்றால் எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். 1991-ல் நாடு உடைந்தது. அவர் பெல்கிரேடு போய் 'போலிதிகா' நாளிதழில் சேர்ந்தார்.

நான் பிடித்த பஸ்ஸும் அதே திசைதான். ஜாக்ரெப்-பெல்கிரேடு, சுமார் 390 கிலோமீட்டர். இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே நேரடி ரயில் இப்போது ஓடவில்லை, அதனால் வேறு வழியில்லை. டிக்கெட் 34 யூரோ, பெட்டிக்குத் தனியாக 2 யூரோ. இந்தப் பணத்துக்கு அவர்கள் தந்தது மூடிய கழிவறை, சாய்ந்தால் திரும்ப நிமிராத சீட், மேலிருந்து தோளில் சொட்டுகிற ஏசி. கேட்டால் டிரைவர் ஒரு டிஷ்யூ கட்டை நீட்டினார்!

எல்லையில் இரண்டே முக்கால் மணி நேரம். முதலில் குரோஷியப் பக்கம் பயகோவோவில் எல்லாரும் இறங்கி வரிசை, முத்திரை, ஏற்றம். கொஞ்ச தூரம் நகர்ந்ததும் செர்பியப் பக்கம் பத்ரோவ்ட்ஸியில் திரும்ப இறக்கம், வரிசை. என் பாஸ்போர்ட்டை மட்டும் அதிகாரி உள்ளே எடுத்துப் போனார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. முன்சீட்டுப் பாட்டி ஒரு ஆப்பிளைக் கையில் திணித்தாள். பாஸ்போர்ட் வர இருபது நிமிஷம் ஆனது.

இந்த நெடுஞ்சாலையின் பழைய பெயர் 'சகோதரத்துவமும் ஒற்றுமையும்'. 1948-ல் தொண்டர் படைகளாக இளைஞர்களைத் திரட்டிப் போடத் தொடங்கிய சாலை. அந்தச் சாலையில்தான் நான் பாஸ்போர்ட்டுக்காக இருட்டில் நின்றேன். லஸான்ஸ்கிக்கு நாற்பது வயதுவரை இது உள்ளூர்ப் பயணம். பிறந்த ஊரும் படித்த ஊரும் ஒரே வருஷத்தில் வெளிநாடாகிவிட்ட மனிதர் அவர். இதை வைத்துப் பார்க்காமல் அவரைப் பற்றி யார் தீர்ப்பு சொன்னாலும் அது பாதித் தீர்ப்புதான் என்று எனக்கு அங்கே தோன்றியது.

மறுநாள் சாப்பாடு எல்லா எரிச்சலையும் துடைத்துவிட்டது. சபோர்னா தேவாலயத்துக்கு எதிரே ஒரு பழைய கஃபானா, அதாவது சாப்பாட்டுக் கடை, அதன் பெயரே '?'. 1892-ல் கடைக்காரர் தேவாலயத்தின் பெயரைக் கடைக்கு வைக்கப் போக, தேவாலயம் ஆட்சேபிக்க, தற்காலிகமாக ஒரு கேள்விக்குறி மாட்டினாராம். அதுவே நிலைத்துவிட்டது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து செவாப்பி சொன்னேன். கரி நெருப்பில் சுட்ட விரல் நீள இறைச்சி உருளைகள், மசாலா எதுவும் கிடையாது, உப்பும் புகையும் மட்டும். பக்கத்தில் காய்மாக் என்கிற பாலேடு. சூடான ரொட்டியில் அந்த ஏட்டைத் தடவினால் உருகி இறைச்சிக்குள் இறங்குகிறது. நறுக்கிய பச்சை வெங்காயத்தோடு ஒரு வாய் வைத்தேன், கண் தானாக மூடிக்கொண்டது. ஆயிரம் தினாருக்குக் கொஞ்சம் மேல். மறுபடி ராத்திரியும் அங்கேயேதான் போனேன். போனில் லஸான்ஸ்கி படத்தைக் காட்டியதும் பரிமாறியவர் முகம் மலர்ந்தது. "டிவியில் இவர் வந்தால் எங்கப்பா யாரையும் பேச விடமாட்டார்" என்றார். நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் காபியை வைத்துவிட்டு எழுந்துபோன பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

அவர் வாழ்க்கையின் பிற்பாதியை பெல்கிரேடில் ஒரே காலையில் நடந்து முடித்துவிடலாம். மாகெடோன்ஸ்கா தெருவில் போலிதிகா கட்டடம். 1904-ல் தொடங்கி இன்றும், ரஷ்ய மொழி எழுதுகிற அதே சிரிலிக் எழுத்தில் வருகிற நாளிதழ். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நாடாளுமன்றம், வாசலில் திமிறுகிற கருங்குதிரைச் சிலைகள். 2016-ல் ஆளும் முற்போக்குக் கட்சியின் வேட்பாளர் பட்டியலில், கட்சி உறுப்பினராக இல்லாமலே நின்று அவர் இங்கே வந்தார். இது எனக்குப் பிடிக்கவில்லை, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆட்சியில் இருப்பவர்களின் பட்டியலில் பெயர் ஏறிய பிறகு, ராணுவத்தைப் பற்றி நீங்கள் எழுதுகிற வரியை வாசகன் எப்படி முன்போல நம்புவான்? பழைய வரிகளையும் சேர்த்துத்தானே சந்தேகப்படுவான்?

அடுத்தது க்னேஸா மிலோஷா தெரு. வெளியுறவு அமைச்சகம் இங்கே. 2019-ல் ரஷ்யாவுக்குத் தூதராக அவரை அனுப்பினார்கள். ரஷ்யப் பக்கச் சாய்வை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை, அதனால் நியமனத்தில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்ட் 4-ல், பதவியில் இருக்கும்போதே, பெல்கிரேடில் இறந்தார். வயது 70.

அமைச்சகத்துக்கு அருகிலேயே, அதே தெருவில், பழைய ராணுவத் தலைமையகம். 1999-ல் நேட்டோ 78 நாள் குண்டு போட்டபோது பிளந்த கட்டடம். தளங்கள் வளைந்து தொங்குகின்றன, கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்த ராணுவத்தின் தலைமைக் கட்டடம் அது. அரை மணி நேரம் எதிர் நடைபாதையில் நின்றேன்.

தாஷ்மைதான் பூங்காவுக்கும் போங்கள். 1999 ஏப்ரல் 23 அதிகாலை அரசுத் தொலைக்காட்சி நிலையத்தின் மேல் குண்டு விழுந்து 16 ஊழியர்கள் இறந்தார்கள். அவர்களுக்கான கல்லில் தலைப்பு ஒரே சொல்: 'ஏன்?' ராத்திரி ஷிப்ட் பார்க்கிற எனக்கு அங்கே வயிறு கலங்கியது. அந்த நேரத்தில் எங்கள் ஆபீஸில் எத்தனை பேர் இருப்போம் என்று எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பேர்.

காலெமெக்தான் கோட்டைக்குள் இருக்கிற ராணுவ அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். நான் போனது திங்கள். அகழியில் வரிசையாக நிற்கிற டாங்கிகளை மட்டும் பார்த்துவிட்டு, டாக்ஸிக்காரர் தின்ற காசை ஈடுகட்ட மதியத்துக்குப் புரெக் என்கிற அடுக்கு மாவுப் பலகாரம் ஒன்றும் தயிரும் வாங்கிக்கொண்டு, இலவச டிராமில் ஏறினேன். கடைசி நாள் பெட்டிக்கடையில் ஒரு போலிதிகா வாங்கினேன். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. திரும்பும்போது எல்லையில் குரோஷிய அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே அந்தப் பேப்பர்தான் இருந்தது. எடுத்துத் தலைப்புச் செய்தியை நின்று நிதானமாகப் படித்தார், மடித்துத் திரும்ப உள்ளே வைத்தார்.