எல்1 பட்டனும் ஆடி மாத இரவுகளும்

ஜூலை 14

இன்றிரவும் விழித்திருக்கும் முறை என்னுடையது. அப்பத்தாவின் கட்டிலை வளவை ஒட்டிய அறையில் போட்டிருக்கிறோம். அறைக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, பட்டாலையில் இருக்கும் பழைய டிவியில் பிஎஸ்4 கேம் கருவியை இணைத்து, செகிரோ என்ற வாள்சண்டை கேமைத் தொடங்கினேன். கன்ட்ரோலரில் செருகிய இயர்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றக் காது அந்த அறைக்கு.

ஒற்றைக் காதோடு ஆடும்போதுதான் இந்த கேமின் சண்டையில் பாதி காதால் நடக்கிறது என்பது விளங்குகிறது. எதிரியின் வாள் வந்து படும் கணத்தில் கன்ட்ரோலரின் இடது மேல்விளிம்பில் இருக்கும் எல்1 பட்டனை அழுத்தினால் கணீரென்று ஒரு கூர்மையான ஒலி எழும், ஆரஞ்சு நிறத் தீப்பொறி பெரிதாகச் சிதறும். வாளைச் சரியாகத் தட்டிவிட்டோம் என்று பொருள். சற்று முன்னதாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒலி மந்தமாக வரும். அடி தடுக்கப்படும், ஆனால் நம் நிலை குலையத் தொடங்கும். இரண்டுக்கும் பட்டன் ஒன்றே. பதறிப்போய் எல்1-ஐப் படபடவென்று அடித்தால், தட்டிவிடுவதற்காகக் கிடைக்கும் அந்தச் சிறிய இடைவெளியும் சுருங்கிவிடும்படி இதை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் அமைத்திருக்கிறது. பதற்றத்தை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்துத் தண்டிக்கும் வேறு கேமை நான் ஆடியதில்லை.

ஜூலை 15

இரவு முழுவதும் கரண்ட் இல்லை. விசிறியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. காலையிலேயே யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரவு பதினொன்றரைக்குத்தான் வீடு அடங்கியது.

கேமில் அஷினா கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ என்ற எதிரியோடு நின்றிருந்தபோது அப்பத்தா கூப்பிட்டார்கள். ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி கேமை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். தண்ணீர் கொடுத்து, தலையணையை ஏற்றி வைத்து, சற்று நேரம் காலைப் பிடித்துவிட்டு வந்தபோதும் அவன் வாளை ஓங்கியபடியே காத்திருந்தான். 2011-இல் இதே நிறுவனம் தந்த டார்க் சோல்ஸில் இது நடக்காது. அதில் மெனுவைத் திறந்தாலும் உலகம் நிற்பதில்லை, எதிரி வந்து வெட்டிவிட்டுத்தான் போவான். 2019-இல் வெளிவந்த செகிரோவை நிறுத்தி வைக்க முடிகிறது. சண்டை எவ்வளவு கடுமையாகவும் இருக்கட்டும். அதை விட்டு எழுந்து போகும் உரிமை ஆடுபவருக்கு இருந்தாக வேண்டும் என்று இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் உறுதியாகச் சொல்வேன்.

"ஏன்ய்யா, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டார்கள். தூக்கம் வரவில்லை என்றேன்.

ஜூலை 18

ஒலி முன்னால் வருகிறது, படம் பின்னால் வருகிறது.

இன்று முழுவதும் இதே நினைப்புதான். நேற்றே ஏதோ உறுத்தியது. கணீர் ஒலி காதில் விழுந்த பிறகுதான் திரையில் தீப்பொறி தெரிகிறது. இயர்போன் கன்ட்ரோலரில் இருப்பதால் ஒலி டிவியின் வழியாக வருவதில்லை. படம் மட்டும் டிவிக்குள் சென்று, அங்கே மெருகேற்றப்பட்டுத் தாமதமாக வெளிவருகிறது. அசைவை வழுவழுப்பாக்குவதற்காக இடையிடையே புதிய ஃப்ரேம்களைச் செருகும் வசதி ஒன்று இந்த டிவியில் இருக்கிறது. அடுத்த ஃப்ரேம் வந்து சேரும்வரை முந்தையதைப் பிடித்து வைத்தால்தான் இடையில் ஒன்றை வரைய முடியும். ஆகவே தாமதம் தவிர்க்க முடியாதது. மெகா சீரியல் பார்ப்பவர்களுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதே சுமார் 16.7 மில்லி விநாடிதான். அப்படிச் சில ஃப்ரேம்கள் பின்தங்கினால், கண்ணை நம்பி அழுத்தும் ஒவ்வோர் அழுத்தமும் பிந்தியதாகிவிடும்.

மெனுவுக்குள் போய் மெருகூட்டும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்தேன். படம் சற்றுக் கரடுமுரடாகத் தெரிகிறது. ஆனால் தீப்பொறி ஒலியை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது. கைக்கும் வாளுக்கும் நடுவே நின்றிருந்த யாரோ விலகிக்கொண்டதுபோல் இருந்தது.

ஜூலை 20

காரைக்குடியில் மருத்துவமனை நடைக்கூடத்தில் பகல் முழுவதும் காத்திருந்தோம். அத்தை மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறான். அவனுக்குப் போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐ போதும். எதிர் பெஞ்சில் இருந்த இரண்டு பையன்களும் அதையே ஆடிக்கொண்டிருந்தார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூலையில் இந்தப் பெயரில் வந்ததிலிருந்து அவன் விட்டதில்லை.

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரல்கள் இரண்டும் கீழே; ஆள்காட்டி விரல்கள் இரண்டும் நண்டுக் கொடுக்குபோல் வளைந்து திரையின் மேல்விளிம்பில். நகர்வதும் பார்ப்பதும் பெருவிரல்களின் வேலை, சுடுவதும் குறி திறப்பதும் மற்றவற்றின் வேலை. துப்பாக்கி உதறும்போது போனையே மெல்லச் சாய்த்து ஜைரோஸ்கோப்பால் குறியைக் கீழே இழுக்கிறான். கண்ணாடிப் பரப்பில் பட்டனுக்கு விளிம்பு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. விரல் வழுக்கி எங்கே போயிற்று என்று விரலுக்கே தெரியாது. அந்தக் குறையை இந்தப் பிள்ளைகள் தங்கள் பழக்கத்தால் மட்டுமே வென்றிருக்கிறார்கள். எனக்கு அது வராது. பட்டன் உள்ளே போய் மீண்டு வருவதை என் விரல் உணர்ந்தால்தான் நான் ஓர் அடி அடித்ததாக ஒப்புக்கொள்வேன்.

மருத்துவர் மாலையில்தான் வந்தார். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள்.

ஜூலை 21

முடிவு வரவில்லை.

ஜூலை 24

செகிரோவை விட்டு டார்க் சோல்ஸுக்குப் போனேன், ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக. உருண்டு தப்புவதற்கு அதில் வட்டப் பட்டன். அதே பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓட்டம். நாம் உருளப் போகிறோமா, ஓடப் போகிறோமா என்பது விரலை எடுக்கும்வரை கேமுக்குத் தெரியாது. ஆகவே அழுத்தும்போது ஒன்றும் நடப்பதில்லை, விடும்போதுதான் உருளல் நடக்கிறது. செகிரோவில் அதே பட்டனை அழுத்திய உடனே கால் பாய்கிறது. பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பாய்ச்சல் ஓட்டமாகத் தொடர்கிறது. என் கை முன்னதில் ஏன் எப்போதும் ஒரு மூச்சு பிந்துகிறது என்பதற்கு விடை இதுதான். வாளைத் தட்டிவிடும் விளையாட்டில் விடும்போது விழித்துக்கொள்ளும் பட்டன் உதவாது. அதை மாற்றியவர்கள் ஆடுபவரின் விரலை அருகில் இருந்து கவனித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் டார்க் சோல்ஸின் மந்தத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரிய வாளை ஓங்கிவிட்டால் ஓங்கியதுதான். நடுவில் மனம் மாறினாலும் கை திரும்பாது; அந்த வீச்சு முடியும்வரை நாம் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். நம் தெம்பைக் காட்டும் பச்சைக் கோடு தீர்ந்துவிட்டால் அடிக்கவும் முடியாது, தப்பவும் முடியாது. அடிபட்டுத் தடுமாறும்போது பதறி வட்டத்தை அழுத்தினால், கேம் அதை நினைவில் வைத்திருந்து, நாம் மறந்துபோன பிறகு உருளச் செய்யும். அந்த உருளலின் முடிவில் சரியாக எதிரியின் அடுத்த வெட்டு காத்திருக்கும். வேகமாக அழுத்துபவனைவிட, அழுத்துவதற்கு முன் ஒரு கணம் பார்க்கிறவனைத்தான் அது பிழைக்க விடுகிறது.

2005-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4-ஐயும் இந்த வரிசையில்தான் வைப்பேன். துப்பாக்கியைத் தூக்கினால் கால்கள் நின்றுவிடும். நடந்துகொண்டே சுட முடியாது. அந்த ஊர்க்காரர்கள் கத்தியோடு மெல்ல நெருங்கி வரும்போது, இன்னும் ஒரு குண்டு சுடலாமா, இப்போதே திரும்பி ஓடலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதில்தான் அதன் அச்சம் முழுவதும் இருந்தது. 2023-ஆம் ஆண்டின் மறு ஆக்கத்தில் நடந்துகொண்டே சுடலாம், கத்தியால் அடியைத் தடுக்கலாம். நன்றாகவே செய்திருக்கிறார்கள், கைக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய முடிவெடுக்கும் கணம் அதில் இல்லை.

ஜூலை 26

மாலையில் மருந்து வாங்கிவிட்டு ஊரணிக் கரை வழியாகத் திரும்பினேன். பிள்ளைகள் சிலம்பம் பழகிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பையன் ஒருவன் கம்பின் நுனியையே பார்த்துக்கொண்டு கால்களைக் குழப்பிக்கொண்டிருந்தான். "கம்பப் பாக்காதடா, ஆளப் பாரு" என்று வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் நிமிர்ந்து எதிராளியின் தோளைப் பார்க்கத் தொடங்கியதும் கால் தானாக வட்டத்தில் விழுந்தது.

மூன்று பரிமாண கேம்களில் இந்த வேலையைத்தான் பூட்டுக்குறி செய்கிறது. 1998-இல் நின்டென்டோவின் ஒக்கரினா ஆஃப் டைம் அதைச் செம்மையாகச் செய்து காட்டியது: இசட் பட்டனை அழுத்தினால் நாயகன் லிங்கின் முகம் எதிரியை விட்டு விலகாது, அதன்பின் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் அவன் எதிரியைச் சுற்றி வருவான், பின்னால் இழுத்தால் முகம் திருப்பாமல் பின்வாங்குவான். அதாவது இடது பெருவிரலுக்குத் திசைகளின் பொருளே மாறிவிடுகிறது. வடக்கு, தெற்கு எல்லாம் போய், அவனை நோக்கி, அவனை விட்டு விலகி, அவனைச் சுற்றி என்ற திசைகள்தான் மிஞ்சுகின்றன. இன்று செகிரோவில் வலது ஸ்டிக்கை உள்ளே அழுத்திக் கெனிச்சிரோவைப் பூட்டும்போதும் அதே ஏற்பாடுதான். நான் இத்தனை நாளும் அவன் வாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 27

தோளைப் பார்த்தேன். அவனுடைய தொடர்வெட்டு முழுவதையும் தட்டிவிட்டேன்! அந்த வெட்டுகள் ஒரே சீராக வருவதில்லை. நடுவில் ஒரு சிறு நிறுத்தம் இருக்கிறது, அதன் பிறகு தாளம் மாறுகிறது. முடிவில் சிவப்பு எழுத்து மின்னும். குத்து வந்தால் முன்னோக்கிப் பாய்ந்து வாளை மிதிக்க வேண்டும், கீழ்வீச்சு வந்தால் தாவ வேண்டும். எது வரும் என்பதை எழுத்து சொல்லாது, உடல்தான் சொல்லும்.

அப்பத்தாவும் இன்று இரண்டு இடியாப்பம் சாப்பிட்டார்கள்.

ஜூலை 29

ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்ட் ஸ்ட்ரைக் பற்றி அத்தை மகனிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். இருவர் நேருக்கு நேர் மோதும் 1999-ஆம் ஆண்டு சண்டை கேம். அதில் தடுப்பதற்கு ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டும்; அடியை முறிப்பதற்கோ அது வந்து விழும் கணத்தில் முன்னால் தட்ட வேண்டும். அடி வரும்போது அதை நோக்கிப் போகச் சொல்கிற கட்டளை அது. தவறினால் தடுப்பும் இல்லை, முழு அடியும் உடம்பில்தான். 2004-இல் நடந்த ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில், ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லி என்ற பாத்திரம் உச்சத் தாக்குதலைத் தொடுத்தபோது, டைகோ உமெஹாரா ஆடிய கென் என்ற பாத்திரத்திடம் உயிர் மயிரிழை அளவுக்குத்தான் இருந்தது. தடுத்தாலும் அந்தத் தடுப்பின் சிறு சேதமே அவனைக் கொன்றுவிடும். ஆகவே அந்த 15 உதைகளையும் ஒவ்வொன்றாக முன்னால் தட்டி முறித்து, திருப்பி அடித்து வென்றார். காணொளியைக் காட்டினேன். பையன் ஒன்றும் பேசாமல் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

அதில் கவனிக்க வேண்டியது வேகம் மட்டுமில்லை. உதை திரையில் தெரிந்த பிறகு முதல் தட்டலுக்கு நேரம் போதாது. அது வரப்போகிறது என்று முன்பே முடிவு செய்து முன்னால் தட்டியிருக்க வேண்டும்.

ஜூலை 30

ஆத்தாவும் சித்தப்பாவும் மதுரை, மதுரை என்கிறார்கள். யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இரவு பேட்மேன்: ஆர்க்கம் அசைலமைப் போட்டேன். 2009-இல் எல்லோரும் கொண்டாடிய சண்டை. எதிரியின் தலைக்கு மேல் குறி மின்னினால் முக்கோணத்தை அழுத்த வேண்டும். மற்ற நேரத்தில் சதுரம். அடிக்க நினைத்தவன் பத்தடிக்கு அப்பால் இருந்தாலும் பேட்மேன் காற்றில் சறுக்கிப் போய்க் குத்திவிடுவார். தூரத்தைக் கேமே பார்த்துக்கொள்கிறது, நேரத்தையும் பெரும்பாலும் அதுவே மன்னித்துவிடுகிறது. முன்பு பிடித்திருந்தது. இன்று எரிச்சலாக இருந்தது. நான் ஒன்றும் செய்யாதபோது என்னைப் பெரிய வீரன் என்று சொல்லும் கேம் இப்போது எனக்கு வேண்டாம். அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1

ஆடி வெள்ளி. கோயிலுக்கு நான் போகவில்லை, வீட்டில் யாராவது இருக்க வேண்டியிருந்தது.

ஷேடோ ஆஃப் தி கொலாசஸ் கேமின் நினைவாகவே இருந்தது. 2005-இல் வந்த அசல் பதிப்பில் கன்ட்ரோலரின் வலது மேல்விளிம்பில் இருக்கும் ஆர்1 பட்டன்தான் பிடி. மலையளவு உயரமான ராட்சத எதிரியின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு ஏறும்போது ஆர்1-ஐ விடவே கூடாது. அது உடலை உதறும்போது ஏறவும் முடியாது, குத்தவும் முடியாது, பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது. மூலையில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதுதான் நம்மிடம் மிச்சமிருக்கும் பலம். நம் ஆள்காட்டி விரலும் உண்மையாகவே வலிக்கத் தொடங்கும். சண்டை என்றால் அடிப்பது என்று வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பெரும்பகுதி நேரம் விடாமல் பிடித்திருப்பதையே சண்டையாக்கிய அந்த ஒரே பட்டனின் துணிச்சல் இன்னும் என்னை வியக்க வைக்கிறது.

ஆகஸ்ட் 3

பெருக்கு. சித்ரான்னம் செய்தார்கள். அப்பத்தா ஒரு வாய்தான் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 4

காலை ஆறு மணிக்கு மதுரைக்கு வண்டி சொல்லியிருக்கிறோம். பையெல்லாம் முகப்பில் இருக்கிறது. பிஎஸ்4-ஐக் கழற்றவில்லை.

கெனிச்சிரோ கவசத்தை நீக்கிவிட்டு மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டான். இப்போது மின்னலை வாளில் ஏற்றிக்கொண்டு எறிகிறான். தரையில் நின்று வாங்கினால் கதை முடிந்தது. தாவி, காற்றில் இருக்கும்போது மின்னலை உடம்பில் வாங்கி, கால் தரையில் படுவதற்குள் வெட்டும் பட்டனான ஆர்1-ஐ அழுத்தினால் அது அவனிடமே திரும்பும். இங்கே எல்1-க்கு வேலையே இல்லை. இவ்வளவு நாள் பழகிய கை அதைத்தான் தேடுகிறது. தாவும்போதே ஆர்1-ஐ அழுத்தினால் வெறும் வெட்டாகிவிடுகிறது. மின்னல் பட்ட பிறகு, கன்ட்ரோலர் அதிர்ந்த பிறகு அழுத்த வேண்டும். அந்த அதிர்வுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் நேரம் போதுமானது, அவசரப்படத் தேவையில்லை. அப்பத்தா கூப்பிடுகிறார்கள்.