ரேஷன் கடைப் பக்கத்துக் கொட்டகை

முதியோருக்கென்று ஊரில் ஏதாவது தொடங்குவதாக இருந்தால் எங்கள் தொண்டு நிறுவனத்தில் முதலில் ஒரு கூட்டம் போடுவது வழக்கம். ஜமுக்காளம் விரித்து, டீ கொடுத்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்போம். "நீங்க எது செஞ்சாலும் சரிதான்" என்பார்கள். நோட்டும் பேனாவுமாக யாராவது வந்து உட்கார்ந்தாலே, ஓஏபி எனும் முதியோர் பென்ஷன் பட்டியலில் பெயரை அடிக்க வந்திருக்கிறார்களோ என்ற பயம் அவர்களுக்கு. மகன் என்ன சம்பாதிக்கிறான், நிலம் யார் பேரில் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்துவிட்டால்? 1000 ரூபாயாக இருந்து 2023 ஆகஸ்டில் 1200 ஆன பணம் அது. பல வீடுகளில் கிழவியின் கையில் நிற்கும் ஒரே பணம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்களில் எனக்கு வேலை. மாசி, பங்குனியில் அங்கே வீட்டுக்கு வீடு புளி குவிந்து கிடக்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலையில் பாதி வயசானவர்கள்தான். நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நானும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கூட்டத்தில் வராத பேச்செல்லாம் தானாக வரும். என்ன வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். "நேத்து காலையில எழுந்து என்ன பண்ணே ஆயா?" என்று ஆரம்பித்தால் போதும்.

காலையில் மருமகள் நூறு நாள் வேலைக்கோ கம்பெனி வேனுக்கோ கிளம்பிவிடுவாள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம். வீட்டில் எஞ்சுவது கிழவி, ஆடு, ஒரு குண்டான் சோறு. பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை பேச ஆளில்லை. ஆம்பளைகளுக்கு டீக்கடை பெஞ்சும் கோயில் மேடையும் இருக்கின்றன. பொம்பளைகளுக்குத் திண்ணை இருந்தது. தொகுப்பு வீடு கட்டியபோது அதுவும் போயிற்று. நூறு நாள் வேலைக்கு அறுபது வயது தாண்டியவர்கள் ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள் என்று எரிச்சல்படும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். கூலி ஒரு காரணம். மரத்தடியில் நாலு பேரோடு உட்கார்ந்து வெற்றிலை போடலாம் என்பது இன்னொன்று. சொல்லப்போனால் அரசாங்கம் நடத்திய நல்ல முதியோர் மையம் அதுதான்.

இப்போது எல்லாம் வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து, வயசானவர்களுக்கு ரேஷன் அரிசியும் வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் கிடப்பவருக்கும் கைரேகை விழாமல் திரும்பத் திரும்ப அலைந்தவருக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் நடக்க முடிந்த ஓர் ஆயா, கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அரிசி ஊட்டுக்கே வந்துடுது, மாத்திரையும் வந்துடுது. நான் எங்கம்மா போவேன்?" இன்னொருவருக்குப் பென்ஷன் பணத்தை வீட்டில் வைத்து எண்ணிக் கொடுப்பதே பிடிக்கவில்லை. மகன் பார்த்துவிட்டால் அதில் பாதி அன்றைக்கே போய்விடும். பேங்க் ஆள் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் போய் வாங்கினால், இடுப்பில் முடிந்துகொண்டு வழியில் பேத்திக்கு ஏதாவது வாங்கிவரலாம். அதனால் இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பகல்நேர மையம் ஒன்றுக்கு நிதி கிடைத்தபோது ஆபீஸ் போட்ட திட்டத்தில் டிவி, கேரம் போர்டு, யோகா விரிப்பு எல்லாம் இருந்தன. போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆயாக்கள் கேட்டது கக்கூஸ். முட்டி மடக்க முடியாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிடந்து நீர்க்கடுப்பு வாங்கியவர்கள் அவர்கள்.

வேலை ஆரம்பித்த அன்று மேஸ்திரி பிளானில் இருந்த பதினெட்டு அங்குலத்துக்குத் திண்ணை எழுப்ப நூல் பிடித்தார். ஓர் ஆயா செங்கல்லை அடுக்கச் சொல்லி, மேலே உட்கார்ந்து காட்டினார். கால் தரையைத் தொடவில்லை. ஒரு வரிசை எடுத்தார்கள், தொட்டது. அடுத்து முட்டி வலிக்காரர் உட்கார்ந்தார். அந்த உயரத்திலிருந்து அவரால் எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. எடுத்த வரிசை திரும்ப ஏறியது. கடைசியில் ஒரே திண்ணையில் இரண்டு உயரம் என்று முடிவாகி, மேஸ்திரி கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுக்கொண்டார். கக்கூஸில் பிடித்து எழுவதற்குப் பதித்த இரும்புப் பைப்பைத் தொட்டுப் பார்த்த ஒருவர், "ஈரக் கை வழுக்கும், கயித்தச் சுத்துப்பா" என்றார். சுற்றினோம். நனைந்து இற்றுப்போனால் அவர்களே மாற்றிக்கொள்கிறார்கள்.

உண்மையில் இழுபறி ஆனது இடம்தான். ஊருக்குள் வைத்தால் காலனி ஆட்கள் வரமாட்டார்கள், காலனியில் வைத்தால் ஊர் ஆட்கள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அது தூரம்மா" என்பார்கள், இருநூறு அடி தூரத்தை. இரண்டுக்கும் நடுவில், ரோட்டோரம் இருந்த ரேஷன் கடைக்கு மட்டும் எல்லோரும் வந்து போனார்கள். அதன் பக்கத்துப் புறம்போக்கைக் காட்டியது ஒரு தாத்தா. கிராம சபையில் தீர்மானம் போட்டு வாங்கினோம். சமைத்துப் போடலாம் என்று நான் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. ஓஏபி வாங்குவோர் பள்ளிச் சத்துணவு மையத்தில் சாப்பிடலாம். சாப்பிட்டால் மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாவிட்டால் 4 கிலோ. இங்கே எனக்குத் தெரிந்த எல்லோரும் 4 கிலோவைத்தான் எடுத்தார்கள். பிள்ளைகளோடு தட்டேந்தி உட்காருவதா என்பது ஒன்று, யார் சமைத்தது என்பது இன்னொன்று. அதனால் சோறு அவரவர் தூக்குச்சட்டியில், டீ மட்டும் பொதுவில் என்று ஆயிற்று. டீ போடுவது காலனியைச் சேர்ந்த ஓர் அம்மா. இன்றும் இரண்டு பேர் வீட்டிலிருந்து செம்பில் கொண்டுவந்துதான் குடிக்கிறார்கள். நிதி கொடுப்பவர்களின் படிவத்தில் இதை எழுத இடமில்லை. தினசரி வருகைக்குத்தான் கட்டம் இருக்கிறது.

நடவு நாளில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், நானும் எழுதி அனுப்புவேன். மழைநாளில் உட்கார இடம் போதாது.

மாத்திரை விஷயத்தை அவர்களாகவே அங்கே தீர்த்துக்கொண்டார்கள். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறம் மாறிவிடும். போன மாதம் மஞ்சள், இந்த மாதம் வெள்ளை என்றால் பயந்து சாப்பிடாமல் வைத்துவிடுவார்கள். இப்போது மாத்திரை வந்ததும் அட்டையைக் கொட்டகைக்கு எடுத்துவருகிறார்கள். எட்டாவது படித்த தாத்தா ஒருவர் நர்ஸம்மாவிடம் கேட்டு, காலை அட்டைக்கு ஒரு மூலையும் ராத்திரி அட்டைக்கு இரண்டு மூலையும் கத்தரித்துக் கொடுக்கிறார்.

பக்கத்து ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்கே ரேஷன் கடை ஊருக்கு நடுவில் இருக்கிறது. பஸ் ஸ்டாப் பக்கம் கொஞ்சம் புறம்போக்கு உண்டு, ஆனால் பெண்கள் அங்கே உட்காரமாட்டோம் என்கிறார்கள், எதிரே டாஸ்மாக். அடுத்த புளி சீசனில் போய் உட்கார்ந்து பேச வேண்டும்.