டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்

ஃப்ளோரன்ஸ் ஸ்டேஷன். பீசா போகும் ரயிலில் ஒரு குடும்பம் ஏறி உட்கார்ந்தாயிற்று. காகித டிக்கெட் பத்திரமாகப் பையில். முத்திரை மட்டும் இல்லை.

டிடிஆர் வந்தால் அபராதம்தான்.

இத்தாலியில் சாதாரண ரயில்களின் டிக்கெட்டில் ரயில் எண், சீட் எண் எதுவும் கிடையாது. முத்திரை விழாத டிக்கெட்டை இன்னொரு முறையும் காட்டலாம் இல்லையா? அதனால்தான் இந்தக் கெடுபிடி.

பிளாட்பாரத்தில் முத்திரை குத்தும் சின்னப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். ஏறும் முன் டிக்கெட்டின் முனையை அதில் செருகுங்கள். கர்ரென்று சத்தம் வரும். எடுத்ததும் நடையைக் கட்டாதீர்கள், தேதியும் நேரமும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மை தீர்ந்த பெட்டிகள் சத்தம் மட்டும் போடும்!

முத்திரை விழுந்ததிலிருந்து 4 மணி நேரத்துக்கு அந்த டிக்கெட் செல்லும்.

பெட்டி பழுதா? டிக்கெட்டில் தேதி, நேரம், ஸ்டேஷன் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டு, ஏறியதும் நீங்களே டிடிஆரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் வரும்வரை காத்திருந்தால் பேச்சு எடுபடாது.

ஆப்பில் வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். இந்த ரயில்களின் டிஜிட்டல் டிக்கெட்டுக்கு, ஏறும் முன் போனில் 'செக்-இன்' செய்ய வேண்டும். சுரங்கப் பாதையில் சிக்னல் இருக்காது, பிளாட்பாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஃப்ரெச்சாரோசா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ரயிலும் சீட்டும் டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். ஆனால் அந்த ரயிலைத் தவறவிட்டால், மலிவு விலை டிக்கெட் பெரும்பாலும் போனது போனதுதான்.