கூடையில் ஏறும் முன் தரையில் கற்றது

ஏணியிலும் சாரத்திலும் பல வருஷம் வேலை பார்த்த பிறகுதான் பூம் லிஃப்ட், அதாவது நீளும் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை உள்ள வண்டி ஓட்ட, ஐபாஃப் (உயரத்தில் வேலை செய்யும் இயந்திர மேடைகளுக்கான சர்வதேச அமைப்பு) பயிற்சிக்குப் போனேன். நான் சேர்ந்தது 3பி பிரிவு, அதாவது நகரும் பூம். கத்தரிக்கோல் மாதிரி விரிந்து நேராக மேலே ஏறும் சிசர் லிஃப்டுக்கு 3ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது.

முதலில் தியரி, அப்புறம் எழுத்துத் தேர்வு. அதில் மனதில் நின்றது பெல்ட் மாட்டும் விஷயம். சாரத்தில் பெல்ட் போடுவது, விழுந்தால் பிடித்து நிறுத்த. பூமில் பெல்ட் நம்மைக் கூடையை விட்டு வெளியே போகவே விடக்கூடாது. ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும், பூமின் நீளத்தால் அந்தக் குலுக்கல் மேலே பெரிதாகி, உள்ளே நிற்பவரைக் கவண்கல் மாதிரி எறிந்துவிடும். அதனால் பெல்ட்டின் கயிற்றைக் குட்டையாக வைத்து, கூடைக்குள் அதற்கென்றே இருக்கும் வளையத்தில்தான் மாட்ட வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் மாட்டினால், வண்டி நகரும்போது கயிறே நம்மை இழுத்துவிடும்.

மதியம் வண்டியைச் சோதித்தோம். டயர், கூடையின் கதவு, மேலும் கீழும் உள்ள எமர்ஜென்சி ஸ்டாப். ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. கையால் தடவப் போனேன். பயிற்சியாளர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அழுத்தத்தில் இருக்கும்போது ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போயிடும், தம்பி. அட்டையை வச்சுப் பாருங்க" என்றார். கூடையிலிருந்த தகட்டில் 230 கிலோ, காற்று நொடிக்கு 12.5 மீட்டர் வரை என்று இருந்தது. அந்த 230 கிலோவில் ஆட்களோடு கருவிப்பெட்டியும் சேர்த்தி. காற்று மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டினால் கூடை கீழே வர வேண்டும்.

கடைசியாக நடந்ததுதான் எனக்கு முழுப் பயிற்சியும். என்னோடு படித்தவரை மேலே அனுப்பி எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தச் சொன்னார்கள். "மேலே இருப்பவருக்கு மயக்கம். இறக்குங்க." வண்டியின் கீழே உள்ள கண்ட்ரோல் பலகைக்கு ஓடினேன். அங்கிருந்த ஸ்டாப் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தேன், நெம்புகோலைத் தள்ளினேன், ஒன்றும் அசையவில்லை. மேலிருந்து ஓட்டுவதா கீழிருந்தா என்று தேர்ந்தெடுக்கும் சாவி இன்னும் கூடைப் பக்கமே இருந்தது. அதைத் தரைப் பக்கம் திருப்பி, எனேபிள் பட்டனை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் நெம்புகோலைப் பிடித்த பிறகுதான் பூம் இறங்கியது. அடுத்த முறை எஞ்சினையும் அணைத்துவிட்டார்கள். பேட்டரியில் ஓடும் துணைப் பம்ப் கூடையை இஞ்ச் இஞ்சாக இறக்கியது. எந்த நெம்புகோலையும் தொடும் முன் அண்ணாந்து பார்க்கச் சொன்னார் பயிற்சியாளர். உத்தரத்துக்கும் கண்ட்ரோலுக்கும் நடுவில் ஆள் மாட்டியிருந்தால், தவறான பக்கம் ஒரு அசைவு போதும், நெஞ்சு நசுங்கிவிடும்.

தேர்ச்சி பெற்றேன். கார்டு 5 ஆண்டு செல்லும்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நான் மேலே மாட்டிக்கொண்டால் யார் இறக்குவது என்று கேட்டேன். வண்டியருகே நின்ற யாருக்கும் அது தெரியவில்லை. இரண்டு உதவியாளர்களுக்குச் சாவி, பட்டன், பம்ப் மூன்றையும் காட்டினேன். ஆளுக்கொரு முறை என்னை மேலிருந்து இறக்க வைத்தேன். அதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. அப்புறம்தான் கூடையை வேலை செய்யும் உயரத்துக்கு ஏற்றினேன்.