எரியாத பலகை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில். அன்னதானக் கொட்டகையின் தகரத்துக்கு அடியில் பிளைவுட் அடித்தது நான்தான். விறகடுப்பு ஆச்சே என்று, தீத்தடுப்பு மருந்து ஏற்றிய பலகையாகக் கேட்டு வாங்கினேன். விலை கூடுதல். நிர்வாகத்தார் முகம் சுளித்தார்கள், நான் விடவில்லை.

ஏழு வருடம் கழித்து, கூரை ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். தகரத்தைக் கழற்றிவிட்டு அடுத்த அடி வைத்த தம்பியின் கால், முட்டிவரை பலகைக்குள் இறங்கியது. நல்லவேளை, விட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். நெருப்பே காணாத பலகை, தீய்ந்த ரொட்டி நிறத்தில் இருந்தது. நல்ல பலகை முறிந்தால் நார் நாராய் நீட்டிக்கொண்டு நிற்கும். இது ரஸ்க் மாதிரி நறுக்கென்று முறிந்திருந்தது. விரலால் தேய்த்தால் தூளாக உதிர்ந்தது. "கரையான் இல்லண்ணே" என்றான் தம்பி. ஈரமும் இல்லை, ஒழுகியது வேறு மூலையில்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஏற்றும் மருந்து பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்பு. சூடு பட்டால் அமிலமாகும். அமிலம் மரத்தைச் சீக்கிரமே கரியாக்கிவிடுவதால், பற்றி எரிகிற வாயு அதிகம் கிளம்பாது. தீயை அடக்குகிற வித்தையே அதுதான். நம் ஊர் மத்தியான வெயிலில் தகரத்தடியில் அதே வேலை, தீயில்லாமல், வருடக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. அமிலம் முதலில் அரிப்பது செல்லுலோஸ் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஹெமிசெல்லுலோஸை.

1980களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வரிசை வீடுகளின் கூரைப் பலகைகள் சில வருடங்களிலேயே இப்படிப் போயிருக்கின்றன. அங்கே மேடிசன் நகரிலுள்ள அரசு மர ஆய்வுக்கூடம் இதைத் துருவி ஆராய்ந்திருக்கிறது. போரேட் என்ற போரான் உப்பைக் கலந்தால் அமிலத்தின் வேகம் மட்டுப்படுமாம். மருந்தேற்றிய பிளைவுட்டைச் சூளையில் 77 பாகை செல்சியஸுக்கு மேல் உலர்த்தக் கூடாதாம். மருந்தேற்றியதிலேயே, கூரைக்குப் போகும் முன்பே, வளைத்தால் முறியாமல் தாங்கும் வலு 10 முதல் 20 சதவீதம் குறைந்துவிடுமாம். நானோ சாதாரணப் பலகைக்கு விடும் இடைவெளியிலேயே அடியில் தாங்கும் மரச்சட்டங்களை அடித்திருந்தேன். "எரியுமா?" என்று மட்டும் கடையில் கேட்டேன், "வெயில் தாங்குமா?" என்று கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கழற்றிய பலகையில் ஒரு கட்டை, நான் தடுப்பதற்குள் சமையல்கார அக்கா அடுப்பில் செருகிவிட்டார். கறுத்துப் புகைந்தது, பற்றவே இல்லை.

"என்ன பலகை தம்பி இது? ஆளையும் தாங்கல, அடுப்புக்கும் ஆகல."