நாலு மூலையும் தெரிய வேண்டும்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் மீன் செதிலுமாக வழுக்கும். தலையில் கூடையோடு வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும், மீன்பாடி வண்டிக்கு ஒதுங்க வேண்டும், நடுவில் படமும் எடுக்க வேண்டும். அங்கேதான் நான் பல வருஷம், கேமராவைக் கண்ணில் வைக்கும்போதெல்லாம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வலது கண்ணில் மைனஸ் 5.5, அதோடு சிலிண்டர் (பார்வைச் சிதறலுக்கான பவர்) 1.5. கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் முகம்கூடக் கலங்கல்தான். கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் பக்கத்தில் டயாப்டர் என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதே, அதைத் திருகினால் கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். குறைந்த பவர் உள்ளவர்களுக்கு அது சரி. என் கேனான் 700டி-யில் அந்தச் சக்கரம் மைனஸ் 3 வரைதான் போகும். சிலிண்டரை எந்தச் சக்கரமும் சரிசெய்யாது. அப்படியே சரியானாலும், கேமராவைக் கீழே இறக்கிய அடுத்த நொடி உலகமே மங்கிவிடும். ஒரு ஞாயிறு, குர்தாவின் கழுத்தில் மாட்டியிருந்த கண்ணாடி குனிந்தபோது நழுவி விழுந்து, யாருடைய காலிலோ மிதிபட்டது. தண்டையார்பேட்டை வரைக்கும் அண்ணன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். அன்றோடு கழற்றுவதை விட்டேன்.

கழற்றாமல் எடுத்தால் வேறொரு தொல்லை. அதைச் சொல்வதற்கு மாமாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான், தன்னுடைய நிக்கான் எஃப்எம்2-வில். ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை: “அமுத்துறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் ஒரு சுத்து சுத்திட்டு வாம்மா.” எனக்கு மூலையே தெரியாது. நடுவில் வட்டமாக ஒரு பகுதி பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் இருட்டு. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவுக்கு அப்போது கண்ணாடி கிடையாது, அதனால் அவருக்கும் இது தோன்றவில்லை. கண்ணை வைக்கும் இடமான ஐபீஸின் உலோக வளையம் என் கண்ணாடியில் கோடு போடுவதை மட்டும் அவர் கவனித்தார். சைக்கிள் டியூபை மெல்லிய வளையமாக வெட்டி அதன்மேல் ஒட்டிக்கொடுத்தார்.

மூலை தெரியாவிட்டால் படத்தில் ஏதாவது வெட்டுப்படும் என்றுதான் முதலில் தோன்றும். நடப்பது நேர்மாறு. நாம் பார்ப்பதைவிட அதிகமாகத்தான் கேமரா பிடிக்கிறது. அதனால் வேண்டாததெல்லாம் உள்ளே வந்துவிடும். சங்கரா மீன் கூடையோடு ஒரு ஆயா சிரிக்கிறார், அருமையான வெளிச்சம், கீழ் ஓரத்தில் யாரோ ஒருவரின் செருப்புக்கால். இன்னொன்றில் ஒரு பாதி முழங்கை. இப்படி என்னிடம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. என் கவனக்குறைவு என்றே நம்பி வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் கட்டிக்கிடக்க, துறைமுகம் அடங்கியிருக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து கேமராவோடு வந்த புத்தகத்தை முழுசாகப் படித்தேன். கடைசிப் பக்கங்களில் ‘ஐ பாயிண்ட்: சுமார் 19 மில்லிமீட்டர்’ என்று ஒரு வரி இருந்தது. வியூஃபைண்டரின் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழுச் சட்டமும், அதாவது படத்தின் நாலு ஓரமும், தெரியும் என்பதற்கான அளவு அது. ஜன்னலை ஒட்டி நின்றால் தெருக்கோடி வரை தெரிகிறது, நாலடி பின்னால் வந்தால் எதிர்வீட்டு வாசல் மட்டும்தான். அதே கதை. மூக்குக்கண்ணாடியே கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளித்தான் உட்காருகிறது. அதன் தடிமன், ரப்பர் வளையம், உள்ளே தள்ளியிருக்கும் லென்ஸ் எல்லாம் சேர்ந்தால் 19 போதவே போதாது.

சமையலறைச் சுவரில் டைல்ஸ் இருக்கிறதல்லவா, கேமராவை ஸ்டூலில் வைத்து எண்ணிப் பார்த்தேன். கண்ணாடியோடு பார்த்தபோது அகலத்தில் ஒன்பது டைல் தெரிந்தது. படத்தில் பதினொன்று. அதில் கொஞ்சம் கேமராவின் குறை: 700டி-யின் வியூஃபைண்டர் 95 சதவீதம்தான் காட்டும். மீதியெல்லாம் என் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையில் இருந்த தூரம். அன்று எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே.

அப்புறம் செய்தது இதுதான். ஐபீஸ் ரப்பரைக் கழற்றினேன், ஓரிரு மில்லிமீட்டர் கிடைத்தது. கண்ணாடிக் கடையில் சொல்லி மூக்குப் பட்டையை வளைத்து, கண்ணாடியை முகத்துக்குச் சற்று நெருக்கமாக உட்காரவைத்தேன், இமைமுடி இடிக்காத அளவுக்கு. டயாப்டர் சக்கரத்தைக் கண்ணாடி போட்டபடியே திருப்பினேன். அப்போது வெளியே தெரியும் காட்சியைப் பார்க்கக் கூடாது. உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகள் கூர்மையாகும் வரை திருப்ப வேண்டும். இது தெரியாமல் குழம்பியவர்கள் நிறைய.

இன்னொன்று வெயில். கண்ணாடிக்கும் ஐபீஸுக்கும் நடுவில் எப்போதும் இடைவெளி இருக்கும். காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். ஏலம் நடக்கும் பக்கம் திரும்பினால் அது முதுகுக்குப் பின்னால். அந்த வெளிச்சம் இடைவெளி வழியாக உள்ளே புகுந்து கண் கூசும், 700டி மாதிரியான டிஎஸ்எல்ஆர் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர்கூட ஏமாந்து படத்தை இருட்டாக்கும். இடது உள்ளங்கையைக் கண்ணோரத்தில் மறைப்பாக வைத்துக்கொள்கிறேன். உப்புக்காற்று படிந்த கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைப்பதையும் நிறுத்திவிட்டேன். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் கீறல் நிச்சயம்.

இவ்வளவு செய்தும் முழுச் சட்டம் கிடைக்கவில்லை. பணம் சேர்த்துப் பழைய கேனான் 80டி ஒன்று வாங்கினேன். அதன் ஐ பாயிண்ட் 22, காட்டுவது 100 சதவீதம். மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் முதல் ஞாயிறு ஆயாவின் கூடைக்கு மேலே கேமராவைத் தூக்கியபோது நாலு மூலையும் கிட்டத்தட்டத் தெரிந்தன. இடது கீழ் மூலையில் ஒரு செருப்பு நுழைவதைப் பார்த்தேன். அரையடி நகர்ந்தேன். “இன்னா கண்ணு, இன்னிக்கு ரொம்ப நேரமா பாக்குற?” என்றார் ஆயா.

கேமரா வாங்கப் போகும் கண்ணாடிக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: மெகாபிக்சலுக்கு முன்னால் இந்த ஐ பாயிண்ட் எண்ணைப் பாருங்கள், கடைக்குக் கண்ணாடியோடு போய்க் கண்ணை வைத்துப் பாருங்கள். 1982-லேயே நிக்கான் எஃப்3-க்கு எச்பி என்று ஒரு வகை வந்தது, 25 மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் முழுச் சட்டம். பிம்பத்தைக் கொஞ்சம் சிறிதாக்கித்தான் அதைச் சாதித்தார்கள். வியூஃபைண்டருக்குள் சின்னத் திரை இருக்கும் இன்றைய சில மிரர்லெஸ் கேமராக்களிலும் மெனுவில் போய் வியூஃபைண்டர் காட்சியைச் சிறிதாக்கிக்கொள்ள முடிகிறது.

மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, தடித்த கண்ணாடி. போன மாதம் பீரோவிலிருந்து எஃப்எம்2-வை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சைக்கிள் டியூப் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கண்ணில் வைத்துப் பால்கனிப் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“நீ அப்போ இப்படியாம்மா பார்த்துட்டு இருந்த?”

ஆமாம் என்றேன். கேமராவை இறக்காமல், தலையை மெல்லச் சாய்த்துச் சாய்த்து, ஒவ்வொரு மூலையாகத் தேடிக்கொண்டிருந்தார்.